நகராட்சிக்கு அடங்காத இரண்டு எழுத்து

இனி வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இதை எழுதிய கை இந்த மேசையிலேயே ஒட்டிக்கொள்ளட்டும்.

தெருவிலுள்ள கடைப் பெயர்களெல்லாம் ஒரே மாதிரி, அலங்காரம் எதுவும் இல்லாத தடித்த மொட்டை எழுத்தில்தான் இருக்க வேண்டும், மீறினால் கடைக்குப் பூட்டு என்று நகராட்சி உத்தரவு போட்டது. போர்டு எழுதுகிறவளுக்குச் சுருக்கென்றது. தங்கையின் குடை ரிப்பேர் கடைச் சுவரில் மூன்று நாள் ஏணியில் நின்று ‘குடை’ என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு ஆள் உயரம். சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு, உள்ளே வெறும் சுவர். முனைக்கு முனை சின்னப் பாதம், பாதத்துக்கு ஒரு சுழி.

“அக்கா, மொட்டையாவே எழுதிடேன். எனக்கு இருக்கறது இந்தக் கடை ஒண்ணுதான்.”

“நீ கம்பிய வளை. சுவர நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் நகராட்சி அதிகாரி வந்தார். தெருவில் அவருக்குப் பெயர் அளவுநாடா.

“இந்த எழுத்த அழிச்சிடும்மா.”

“எழுத்து கோட்டுக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா சார்? எழுதிக் குடுங்க, அழிச்சிடறேன்.”

அளவுநாடா நெடுநேரம் யோசித்து, ‘உள்ளே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரோடு வந்த ஆட்களில் வெள்ளையடிப்பவர் கோட்டைத் தாண்டாமல் உள்ளே அடித்து முடித்தார். எழுத்து பல்லைக் காட்டிச் சிரித்தது. மூன்று தெரு தள்ளியிருந்தவர்கள் நல்ல குடையை உடைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

“அப்போ வெளிய கறுப்படி” என்றார் அளவுநாடா. அடித்தார்கள். எழுத்து சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. பேருந்துகள் ஒதுங்கிப் போயின.

“கோட்டையே செதுக்கி எடு.” உளி வைத்துச் செதுக்கினார்கள். கோடு போய்ப் பள்ளம் வந்தது. பள்ளத்தில் வெயில் இறங்கியதும் பாதமும் சுழியும் முன்பைவிடத் துல்லியமாகத் தெரிந்தன.

வெள்ளையடிப்பவர் போர்டு எழுதுகிறவளிடம் ரகசியமாகக் கேட்டார்: “அடுத்து என்ன பண்ணச் சொல்லட்டும் தாயி? இவரு நம்ம வேலையத்தான் பாக்கறாரு.”

“சுவர இடிங்கய்யா” என்று அளவுநாடாவே கத்திவிட்டார்.

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஏணியை நகர்த்தி வழிவிட்டாள்.

“இடிங்க. தாராளமா.”

சம்மட்டி இறங்கியது. கோட்டுக்கு உள்ளே இருந்த சுவர் விழுந்தது, வெளியே இருந்ததும் விழுந்தது. பள்ளம் மட்டும் விழவில்லை. விழுவதற்குப் பள்ளத்திடம் என்ன இருக்கிறது? அந்தரத்தில் ‘குடை’ அப்படியே நின்றது, பின்னால் ஆகாயம். தங்கை அதற்கடியில் உட்கார்ந்து கம்பியை வளைக்க ஆரம்பித்தாள்.

அளவுநாடா உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “இந்த ஒரு கடைய மட்டும் விட்டுடறேன்.”

“மட்டும்னெல்லாம் சொல்லாதீங்க சார். நாளைக்கு எதிர்க்கடைக்கு ஏணி போடறேன். அதுல ஒவ்வொரு பாதத்துக்கும் ரெண்டு சுழி.”

அந்தத் தெருவுக்கு ஒரு பக்கம்தான் கடைகள். எதிர்ப்பக்கம் முழுக்க ஆறு. இந்தக் குடைக்கடை ஆற்றுப் பக்கம். இதை எழுதி முடித்ததிலிருந்து என் கை மேசையை விட்டு வர மாட்டேன் என்கிறது.