அம்மாவின் மூச்சுக்குழாயில் மனிதச் சங்கிலி

இந்த வருடம் எங்கள் பள்ளியின் மனிதச் சங்கிலி என் அம்மாவின் மூச்சுக்குழாயில் நடந்தது. போன வருடம் ஹெல்மெட்டுக்காகக் கோவில்பட்டி மெயின் ரோட்டில் நின்றோம். அங்கே வெயில் இருந்தது.

மெதுவாகத்தான் சொல்கிறேன். சத்தமாகச் சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும்.

மூக்குக்குள் வேன் போகாது என்பதால் வாசலிலேயே இறங்கிக்கொண்டோம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். எங்கள் பி.டி. மாஸ்டர் ஞானதுரை சார் பேனர் கட்ட இடம் தேடினார். கொரோனா தடுப்பு மனிதச் சங்கிலி என்று அதில் எழுதியிருந்தது. சுவர் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. ஆணி எதுவும் இல்லை. பேனரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

இது என் அம்மா என்பது ஜெனிபாவுக்கு மட்டும்தான் தெரியும். வகுப்பில் அவள் என் பக்கத்து இடம். உள்ளே வந்ததும் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"உங்க வீடு மாதிரியேதான்ட்டி இருக்கு. சுத்தமா வச்சிருக்காங்க."

மூச்சுக்குழாய் ஒரு வீட்டு நடை போல இருந்தது. காற்று உள்ளே வரும்போது அந்த நடை நீண்டது. வெளியே போகும்போது சுருங்கியது. நீளும் நேரத்தில் எவ்வளவு நடந்தாலும் அதே இடத்தில்தான் இருந்தோம். அதனால் சுருங்கும்போது மட்டும் நடந்தோம்.

இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கதவுகள். எல்லாம் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தாழ்ப்பாள், எங்கள் வீட்டு வாசல் கதவில் இருப்பதைப் போலவே. அதை வெளியிலிருந்தும் திறக்கலாம், உள்ளிருந்தும் திறக்கலாம்.

அம்மாவுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச மூச்சு இல்லை. இன்னும் கொஞ்சம் கதவுகள் திறந்துவிட்டால் அந்த இரண்டு வார்த்தையும் இருக்காது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். எந்தக் கதவுகள் என்று அப்பா கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த டாக்டர்தான் உள்ளே எங்களுக்காகக் காத்திருந்தார். பெயர் தவமணி. வரப்போகிறவரைப் பற்றிச் சொன்னார்.

"அவருக்குக் கண்ணு கிடையாது. தாழ்ப்பாளத் தடவிப் பாத்துதான் கண்டுபிடிப்பாரு. நீங்க தாழ்ப்பாள் மாதிரி நில்லுங்க. உங்களப் புடிச்சிட்டு அப்படியே நின்னுருவாரு."

தாழ்ப்பாள் மாதிரி எப்படி நிற்பது என்று ஒரு பையன் கேட்டான். யார் பக்கத்தில் யார் என்பது சரியாக இருந்தால் போதும், சங்கிலி தானாகவே வளைந்து முறுக்கிக்கொள்ளும் என்றார் டாக்டர். ஒவ்வொருவரையும் தொட்டு, உனக்கு இடது கை இவள், வலது கை இவன் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் நடுவில். என் இடது கைக்கு ஜெனிபா. இதற்குப் பெப்டைட் என்று பெயர், பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்னச் சங்கிலிதான் என்றார்.

"எவ்வளவு நேரம் நிக்கணும் மிஸ்?" என்றாள் ஜெனிபா.

"வெட்டுற வரைக்கும்."

யார் வெட்டுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வெட்டினால் வீணாகாது, மிச்சமெல்லாம் உடம்புக்குச் சத்தாகச் சேரும் என்று டாக்டரே சொன்னார். பிறகு அடுத்த மூச்சோடு வெளியே போய்விட்டார்.

டாக்டர் போனதும் ஞானதுரை சார் விசில் ஊதினார். உயர வரிசையில் நிற்கச் சொன்னார். எங்கள் பள்ளியில் எதற்கு நின்றாலும் உயர வரிசைதான்.

"சார், டாக்டர் வேற மாதிரி சொன்னாங்க" என்றேன்.

"டாக்டர் ஊசி போடட்டும். வரிசை எனக்குத் தெரியும்."

நான் உயரம். கடைசிக்குப் போனேன். சங்கிலி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக நின்றது. சாருக்குத் திருப்தி.

அப்போது அவர் வந்தார். உருண்டையாக இருந்தார். தலையில் முடி இல்லை. முடி இருக்க வேண்டிய இடமெல்லாம் கைகள் முளைத்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் கிரீடம். எங்களை ஒவ்வொருவராகத் தடவிக்கொண்டு வந்தார். என் முகத்தையும் தடவினார். சுவரைத் தடவுவது போலத்தான் தடவினார். எங்களைத் தாண்டிப் போய் ஒரு தாழ்ப்பாளைத் தொட்டார். கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைவதை நிறுத்தின.

கதவு திறந்தது. உள்ளே போனவர் ஒருவர். சற்று நேரத்தில் வெளியே வந்தவர்கள் பலர். எல்லோரும் ஒரே சாயல்.

அம்மா இருமினார்.

எல்லோரும் விழுந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் காற்றோடு போனார்கள். ஞானதுரை சார் பேனரோடு பறந்து போனார். அவருடைய விசில் மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் ஒவ்வொரு மூச்சிலும் அது கேட்டது.

நாங்கள் தவழ்ந்து எங்கள் எங்கள் இடத்தைத் தேடிக்கொண்டோம். டாக்டர் சொன்ன கையைத் தேடிப் பிடித்தோம். நான் ஜெனிபாவின் கையைப் பிடித்ததும் என் கழுத்து தானாகச் சாய்ந்தது. தோள் திரும்பியது. சங்கிலி சுழல் மாடிப்படி போல முறுக்கிக்கொண்டது. என் மணிக்கட்டு தாழ்ப்பாளாகிவிட்டது. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

வந்தவர்களில் மிச்சமிருந்தவர்களைச் சங்கிலியில் இருந்த மற்ற பிள்ளைகள் பிடித்து நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பலகாரம் தின்றுவிட்டுக் கழுவாத கை போலப் பிசுபிசுத்தது. மற்ற கைகள் அவர் தலையில் மரியாதையாகக் காத்திருந்தன. என் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அவர் அதைத் தேடவில்லை.

இப்படியே நின்றால் போதும் என்று நினைத்தேன்.

பிறகு கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நடையின் ஆழத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் என் அம்மாவின் மூக்கு. அம்மாவின் ஆட்கள்தான். இங்கே சங்கிலி எது கிடந்தாலும் வெட்டுவது அவர்கள் வேலை. யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று பார்ப்பதில்லை. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் வரவில்லை. வெட்டப்பட்டவர்களுக்குக் கை பிடிக்க மறந்துவிட்டது. தனியாக நின்றவர்களைச் சுவர் மெதுவாக எடுத்துக்கொண்டது. பிடித்து நிறுத்தியவர்கள் போய்விட்டதால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவுகளுக்குப் போனார்கள்.

ஜெனிபாவின் முறை வந்தது. அவள் என்னைப் பார்த்து, "என் செருப்ப நீ மாத்திப் போட்டுட்டுப் போயிராதட்டி, புதுசு" என்றாள். கத்தரித்த பிறகு அவளுக்கு என்னைத் தெரியவில்லை. சுவர் அவளை எடுத்துக்கொண்டது.

வெட்டிய பெண் என்னைப் பார்த்தாள்.

"நீ யாரு பிள்ள?"

"இவங்க பிள்ளதான்."

அவள் என் மூக்கைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, கடைசியாக வருகிறேன், இரு என்றாள். மறுபக்கத்தை முடிக்கப் போனாள்.

இரண்டு பக்கமும் ஆள் இல்லாததால் என் கழுத்து நிமிர்ந்தது. தோள் பழையபடி ஆனது. வந்தவரின் விரல்களுக்குச் சந்தேகம் வந்தது தெரிந்தது. ஒவ்வொன்றாக என் மணிக்கட்டைச் சரிபார்த்தன. அதனால் பேசத் தொடங்கினேன். அரைப் பரீட்சையில் கணக்கு பாதியில் நின்றதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் புது பைக் வாங்கி இன்னும் கவரைப் பிரிக்காததைச் சொன்னேன். வந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் தளரவில்லை.

பேச வேறு எதுவும் இல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அம்மா யாரையும் வாசலில் நிற்க விட்டதில்லை. கரண்டு ரீடிங் எடுப்பவர் அடுப்படி வரை வந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போவார். ஒரு தடவை வீடு மாறி வந்த கல்யாணக் கோஷ்டி சாப்பிட்டுவிட்டுப் போனது. இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே தெரிந்தது.

நடை முழுக்க அம்மாவின் குரல் வந்தது. விசிலோடு வந்தது.

"ஏட்டி... கனி."

"என்னம்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா." நான் சாப்பிடவில்லை.

நடை நீண்டது. வெகுநேரம் கழித்துச் சுருங்கியது.

"யாருகூட... பேசுத?"

"யாரும் இல்லம்மா."

அப்போது வந்தவர் தொண்டையைக் கனைத்தார். வாசலில் நிற்கிறவர்கள் கனைப்பது போல, மரியாதையாக.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"வந்தவங்கள... நிக்கவச்சு... பேசாதட்டி."

"வேண்டாம்மா."

"உள்ள... வரச்சொல்லு."

அவர் என் மணிக்கட்டிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வலிக்காமல்தான் எடுத்தார். அவர் தலையில் இருந்த கைகள் எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்ந்து வணக்கம் சொன்னன.

தாழ்ப்பாள் உள்ளிருந்து விலகும் சத்தம் கேட்டது. முதலில் என் முதுகுக்குப் பின்னால். பிறகு நடை நெடுக.