கோடு வரைக்கும்

தென்கிழக்கு வட்டார உயிர்த்தகவலியல் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப அன்று மாலை வரை நேரம் இருந்தது. சாருஜா காலையிலேயே அனுப்பிவிட்டாள். முனைவர் பட்ட வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல முடிவு அது: இளவயதில் நீரிழிவு வந்த இலங்கைத் தமிழர்களின் மரபணுவில் ஒரு பகுதி, மற்றவர்களுடையதைவிட அதிகம் மாறுபட்டிருந்தது.

மதியம் மேற்பார்வையாளர் கத்தரினிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. மாதிரிகளில் கலப்பு இருக்கிறதா என்று சோதித்தாயா?

சோதிக்கவில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் தெரிந்தவர்களின் வீடுவீடாகப் போய், எச்சில் சேகரிக்கும் குழாய்களை அவளே கொடுத்து வாங்கி வந்திருந்தாள். அதில் என்ன கலக்கப்போகிறது? நகரின் மறுபக்கம் லூயிஷாமில் தன் வாடகை அறையில் இருந்தபடி, கடமைக்காக அந்தச் சோதனையைக் கணினியில் ஓட்டினாள்.

திரையில் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரே குழாயில் இரண்டு பேருடைய டி.என்.ஏ. சிவப்பானவை அநேகமாக எல்லாமே நீரிழிவுக்காரருடையவை. பட்டியலில் முதலில் நின்றது பாலேந்திரா மாமாவின் குழாய். அவள் அவருடைய மனைவி குமுதினி மாமிக்கு அழைத்தாள்.

“மாமி, அண்டைக்கு அந்தக் குழாய்க்குள்ளை மாமா மட்டும்தானே துப்பினவர்?”

“அவருக்கெங்கை துப்பல் வருது? சீனி வருத்தம், வாய் காய்ஞ்சு கிடக்கு. என்னை ஏசேக்கை மட்டும் நல்லா ஊறும். நீ கோடு வரைக்கும் நிரப்ப வேணும் எண்டு சொல்லிப்போட்டுக் குசினியிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டாய். அவருக்கு அரைவாசியும் வரேல்லை. மிச்சத்தை நான் நிரப்பிவிட்டன்.”

“மாமி!”

“என்ன மாமி? ஒரு வீட்டுத் துப்பல்தானே. பிள்ளையின்ரை படிப்பு அலுவல், குறையாக் குடுக்க ஏலுமே?”

“வேறை ஆரும் இப்பிடிச் செய்தவையோ?”

“பக்கத்து வீட்டு நிஷாந்தன்ரை அம்மாவும் வாய் காயுது எண்டவ. நான்தான் சொல்லிக்குடுத்தனான். அவ பிறகு ஆர் ஆருக்குச் சொன்னாவோ.”

சாருஜா திரையைப் பார்த்தாள். வாய் உலர்ந்தவர்கள் நோயாளிகள். உலராத மனைவியும் மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் கைகொடுத்திருக்கிறார்கள். அவள் கண்டுபிடித்த மாறுபாடு நோயில் இல்லை. இவர்கள் துப்பி நிறைத்ததில் இருந்தது. மறுபடி சேகரிக்கக் குழாயும் இல்லை, மாதிரி எடுக்கப் பல்கலைக்கழகம் தந்த அனுமதிக் காலமும் முடிந்துவிட்டது.

“ஏன் பிள்ளை, பிழையாப் போச்சோ?” மாமியின் குரல் இறங்கியது.

“இல்லை மாமி. சும்மா கேட்டனான்.”

“அப்ப சரி. துப்பல் காணாட்டிச் சொல்லு, இன்னும் ரெண்டு குழாய் கொண்டுவா. நான் தனியவே நிரப்பித் தாறன்.”

மாநாட்டு இணையதளத்தில் அவளுடைய சுருக்கத்தின் அடியில், ‘திரும்பப் பெறுக’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. மாநாட்டுக்கு என்ன சேலை உடுக்கப்போகிறாய் என்று மாமி கேட்டுக்கொண்டிருந்தபோது, சாருஜா அதை அழுத்தினாள். காரணம் எழுதும்படி ஒரு கட்டம் திறந்தது. எழுதினாள், அழித்தாள், வெறுமையாகவே அனுப்பிப் பார்த்தாள்.

காரணம் கட்டாயம் என்று வந்தது.