காதுக்குக் கிட்ட

மேபலின் செத்தவீட்டில் நான் பேசியதைக் கசெட்டில் பதிந்திருந்தார்கள். அவளுடைய மகன் கிளறன்ஸ் கனடாவில். அகதி வழக்கு முடியாததால் தாயின் முகத்தைப் பார்க்க வர முடியவில்லை. அவனுக்கு அனுப்புமுன் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லி, மேபலின் தம்பி பேதுரு கசெட்டை என்னிடம் தந்தான்.

"றஞ்சிதமக்கா, நீங்க பேசினா பெட்டிக்குள்ள கிடக்கிற ஆளே எழும்பிக் கைதட்டும்."

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் பங்கில் யார் செத்தாலும், பெட்டி மூடுமுன் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து கசெட்டைப் போட்டேன். "தியாகத்தின் திருவுருவே!" என்று என் குரலில் ஒருத்தி முழங்கினாள். போன மாதம் செத்த சந்திக் கடைக் கிழவரும் இதே திருவுருதான். மேபலை அதில் எங்கும் காணவில்லை. சப்பாத்துக் கடித்தால் பஸ்ஸிலேயே கழற்றிவிட்டு, அச்சாறு தின்றுகொண்டு வருபவள் அவள்.

வெற்றுக் கசெட் ஒன்று வாங்கி, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு புதிதாகப் பதியத் தொடங்கினேன். "கிளறன்ஸ் மகன்" என்றதும் குரல் தானாக மேலே ஏறியது. அழித்தேன். அடக்கிப் பேசினால் வானொலிச் செய்திபோல் இருந்தது. அதையும் அழித்தேன். இந்தக் குரலில் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு சிஸ்டர் பழக்கியது கொஞ்சம், பெருநாள் பிரசங்கங்களில் பொறுக்கியது கொஞ்சம். மிச்சம் யாருடையது என்பதே மறந்துபோயிற்று. ஆத்திரத்தில் றெக்கோடரைக் கட்டிலில் எறிந்தேன்.

மேபலுடன் நான் எப்படிக் கதைத்தேன்?

வெள்ளவத்தையில் வேலை செய்த கந்தோருக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வந்தோம். எங்காவது குண்டு வெடித்திருந்தால், தமிழ் கேட்டதும் தலைகள் திரும்பும். என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் மேபல் தொடையில் கிள்ளுவாள். "மெதுவாடி. மேடையெண்டு நினைச்சியோ? ஆமிக்காரங்கள் இறக்கிக் கொண்டுபோயிருவாங்கள்."

வருடக்கணக்காக அவள் காதுக்குள்தான் கதைத்திருக்கிறேன். மேடைக் குரல் இரவல். இது பயம் பழக்கிய குரல். இரண்டுக்கும் நடுவே எனக்கென்று ஒன்று வளரவே இல்லையா? நினைக்க எரிச்சலாக வந்தது. ஆனால் மேபல் அறிந்த றஞ்சிதத்துக்கு அந்த முணுமுணுப்பைத் தவிர வேறு குரல் இருந்ததில்லை.

றெக்கோடரை எடுத்து வாயோடு ஒட்டிப் பிடித்தேன்.

"கிளறன்ஸ், உன்ர அம்மா கிள்ளிக் கிள்ளியே என்ர தொடை கறுத்துப்போச்சு..."

குரல் ஏறவில்லை. கசெட் முடியும்வரை கதைத்தேன்.

அடுத்த நாள் பேதுரு கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னக்கா, களவெடுக்கப் போறவன் கதைக்கிற மாதிரி? சத்தம் காணாது. அவன் அங்க சனத்தைக் கூப்பிட்டெல்லோ போட்டுக் காட்டப்போறான். பழையதையே தாங்கோ."

"அதில உன்ர அக்கா இல்ல."

"பின்ன ஆர் இருக்கினம்?"

பழைய கசெட்டைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

"சனத்துக்குப் போட வேண்டாம். தனிய இருந்து, காதுக்குக் கிட்ட வைச்சுக் கேக்கச் சொல்லு."