கொடிக்குப் பின்னால் இருந்த சுவர்

நெரெய்தாவும் எவெலியோவும் விவாகரத்து வாங்க ஆனது இருபது நிமிஷம். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக ஒரே அறையில் குடியிருக்கிறார்கள். ஹவானாவில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். புருஷனைத் தலைமுழுகிவிடலாம், தலைக்கு மேல் கூரைக்கு எங்கே போவது?

மூன்றாம் மாடியில், தெருவைப் பார்த்த பெரிய அறை. அதன் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்த மரத்துக்காக நெரெய்தா தன் தையல் மெஷினையே கொடுத்தாள். காசுக்கு மரம் கிடைக்கிற ஊரா அது? தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் கட்டிலும் குளியலறைக் கதவும். அந்தப் பக்கம் அவன் கட்டிலும் பால்கனியும். குளிக்க வேண்டுமென்றால் அவன் அவளைத் தாண்டிப் போக வேண்டும். துணி உலர்த்த வேண்டுமென்றால் அவள் அவனைத் தாண்டிப் போக வேண்டும். அவனுடைய குறட்டை மட்டும் யாரிடமும் வழி கேட்காமல் வந்து போனது.

எவெலியோவுக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. கரண்டு போய் லிப்டில் மாட்டிக்கொள்கிறவர்களை வெளியே எடுப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று பேட்டை முழுக்கப் பேர். "ஊர்ல இருக்கறவளையெல்லாம் வெளியே எடுக்கறான், என்னை மட்டும் உள்ளேயே வச்சிருக்கான்" என்று நெரெய்தா தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் சொல்வாள். அவள் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள்.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. மிக்தாலியா, ஃபெர்மின் என்று ஒரு ஜோடி. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அவளுக்கு ஓரிடத்தில் ஒரு சின்ன அறை, அவனுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன அறை. சேர்ந்து வாழ ஒரு பெரிய இடம் வேண்டும். நெரெய்தாவுக்கும் எவெலியோவுக்கும் பிரிந்து வாழ இரண்டு சின்ன இடம் வேண்டும். வீட்டை விற்கவோ வாங்கவோ முடியாத ஊரில், வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கைமாற்று கிடைக்காது. மிக்தாலியாவின் அறையை நெரெய்தா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நீலக் கதவு, சொந்தமாக ஒரு குழாய், உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஜோடி அறையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போதுதான் மலங்கா மஞ்சளாக ஆரம்பித்தது.

மலங்கா என்பது மணி பிளாண்ட் ஜாதிக் கொடி. பழைய எண்ணெய் டின் ஒன்றில், நெரெய்தாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில், சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் பற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறி, அங்கிருந்து தடுப்பின் மேல் வழியாக எவெலியோ பக்கம் இறங்கியிருந்தது. விவாகரத்தின்போது எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள், இதைப் போட முடியவில்லை. வேர் அவளுக்கு, நுனி அவனுக்கு.

வீட்டு மலங்கா வாடினால் அந்த வீட்டு ராசி போய்விட்டது என்பார்கள். வருகிறவர்களின் கண் முதலில் அதன் மேல்தான் விழும். அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகித் தொளதொளவென்று தொங்கின.

நெரெய்தாவின் முதல் சந்தேகம் எவெலியோ மேல்தான். வேறு யார் மேல் வரும்?

"என்னத்தடா ஊத்துன அதுல?"

"நானா? உன் டின்னுக்கிட்ட நான் ஏன் வர்றேன்? ரெண்டு தடவை காப்பிச் சக்கை போட்டேன். அது உரம்."

"காப்பிச் சக்கையா? நம்ம ரேஷன் காப்பியில பாதி பட்டாணிடா! அது பட்டாணிச் சக்கை!"

"அப்போ சுண்டல் மொளைக்கும், போ."

மேல்மாடி ஓர்த்தென்சியா படியிறங்கி வந்தாள். ஐம்பத்தெட்டு வயசு; கட்டடத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் மூக்கு வியர்ப்பது அவளுக்குத்தான். செடியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"அடி பொண்ணே, இது கண்ணு. நீ வீடு மாத்தப் போறேன்னு யார்கிட்டயெல்லாம் சொன்ன?"

"உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன் அக்கா."

"அப்போ ஊருக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஓர்த்தென்சியா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். சட்டைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்துத் தண்டில் கட்டினாள். "மூணு நாள்ல பச்சைப் பசேல்னு நிக்கும் பாரு."

மூன்று நாளில் இன்னும் நாலு இலை மஞ்சளானது.

நெரெய்தா தன் பரிசோதனைப் புத்தியைக் கையில் எடுத்தாள். இலை மொறுமொறுவென்று காய்ந்தால் தாகம். இது ஈரத் துணி போலத் துவண்டு மஞ்சளாகிறது; அதுவும் அடியிலிருந்து. தண்ணீர் அதிகம். சரி, இனி ஒரு சொட்டு ஊற்றுவதில்லை என்று நிறுத்தினாள். ஏழு நாள் கழித்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் சேறாக வந்தது, முகர்ந்தால் அழுகல் நாற்றம்.

அப்படியானால் இவன்தான் ஊற்றுகிறான். வேண்டுமென்றே. இந்தப் பாவி, கைமாற்று நடக்கக்கூடாது என்று பார்க்கிறான்! அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பால்கனிகளில் ஆள் சேர்ந்துவிட்டது.

"நான் ஏண்டி கெடுக்கணும்?" எவெலியோவும் கத்தினான். "உன் மூஞ்சியில முழிச்சு முழிச்சுத்தான் எனக்கு முடியே கொட்டிப்போச்சு! எனக்கும் வெளிய போகணும், தெரியுமா? உன்னைவிட எனக்கு அவசரம்!"

அதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. நெரெய்தாவுக்கு முதல் தடவையாக, இவன் பொய் சொல்லவில்லையோ என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில், வேலைக்குப் போகுமுன், டின்னின் வாயைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைப் போட்டு, தண்டோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினாள். இனி யார் ஊற்றினாலும் தாளின் மேல் நிற்கும். சாயங்காலம் வந்து பார்த்தாள். தாளின் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் தண்டு நனைந்திருந்தது. கட்டியிருந்த நூலும் நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு மேலிருந்து தண்டு வழியாக மெதுவாக ஊர்ந்து வந்து, நூலைத் தாண்டி, தாளுக்கு அடியில் போய் மறைந்தது.

"எவெலியோ" என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட விதத்தில் அவன் உடனே எழுந்து வந்தான்.

இரண்டு பேருமாகக் கொடியைச் சுவரிலிருந்து உரித்தார்கள். வேரோடு சேர்ந்து காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே செங்கல், விரல் பட்டதும் ஈரமாவாக உதிர்ந்தது. மேலே கூரையைத் தாங்கிய இரும்பு உத்தரம் துருப்பிடித்து அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அதற்கு நேர் மேலேதான் ஓர்த்தென்சியாவின் தண்ணீர்ப் பீப்பாய். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைக்கிற, பெரிய இரும்புப் பீப்பாய்.

எவெலியோ ஸ்பானரால் உத்தரத்தைத் தட்டினான். இரும்புச் சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை தட்டக் கை ஓங்கி, வேண்டாமென்று இறக்கினான்.

"எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம் நிக்கலாம். நாளைக்கே கீழ வரலாம். என்னைக் கேட்டா?"

அரசாங்க வீட்டுவசதி அலுவலகத்தில் சொல்லலாம். சொன்னால் வந்து பார்ப்பார்கள், 'குடியிருக்கத் தகுதியற்றது' என்று எழுதுவார்கள், தற்காலிக முகாமில் கொண்டுபோய் விடுவார்கள். அந்தத் தற்காலிகத்தில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் பண்ணிவைத்தவர்களை நெரெய்தாவுக்குத் தெரியும். அதற்கு இந்த அறையே மேல். சொன்னாலும் மாட்டினோம், சொல்லாவிட்டாலும் மாட்டினோம்.

"சனிக்கிழமை வரைக்கும் நின்னாப் போதும்" என்றான் எவெலியோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சம் காரை பூசி, சுண்ணாம்பு அடிச்சு, கொடியைத் திரும்ப மாட்டிடலாம்."

நெரெய்தாவின் கண் முன்னால் நீலக் கதவு வந்து நின்றது. பிறகு, "சுண்ணாம்பு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். எவெலியோ மேலே போய் ஓர்த்தென்சியாவின் பீப்பாய்க்குப் போகிற, ஒழுகின குழாயில் ரப்பரைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தான். "இருபது வருஷமா அங்கயேதான் இருக்கு, இப்ப மட்டும் என்ன வந்துச்சாம்" என்று அவள் பீப்பாயை நகர்த்த விடவில்லை. அவன் காரை குழைத்தான், இவள் பூசினாள். இவள் ஏணியில் ஏறினாள், அவன் பிடித்துக்கொண்டான். கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததில்லை. திருட்டு வேலைக்குத்தான் அந்த ஒற்றுமை வந்தது.

நெரெய்தா செடியை டின்னிலிருந்து கவிழ்த்தாள். முக்கால்வாசி வேர் கறுத்து, தொட்டால் தோல் கழன்று வந்தது. அதையெல்லாம் கத்தரியால் வெட்டி எறிந்தாள். வெள்ளையாக, விறைப்பாக இருந்த நாலைந்தை மட்டும் விட்டு, காய்ந்த மண்ணும் செங்கல் தூளும் கலந்து நட்டாள். மஞ்சள் இலைகளைக் கிள்ளினாள். பச்சைக் கொடியைப் புதுச் சுண்ணாம்பின் மேல் ஆணியடித்து விரித்துவிட்டாள். அந்தச் சுவர் அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

சனிக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார்கள். மிக்தாலியாவுக்கு ஏழு மாதம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். ஃபெர்மின் கூரையைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"எவ்வளவு உசரம்! ஏ மிக்தாலியா, பரண் கட்டிடலாம் போலயே!"

"தடுப்பை எடுத்துட்டா டான்ஸே ஆடலாம்" என்றாள் அவள். நெரெய்தாவின் பக்கம் திரும்பி, "உங்க மலங்கா நல்லா இருக்கு அக்கா. ராசியான வீடுதான்" என்றாள்.

எவெலியோ பால்கனியைக் காட்டினான், தெருவைக் காட்டினான், அங்கிருந்து தெரியாத கடல்கூட எட்டிப் பார்த்தால் தெரியும் என்றான். அவன் வாய்ஜாலத்தை நெரெய்தா அன்றைக்கு மட்டும் மன்னித்தாள். இன்னும் கால் மணி நேரம். கையெழுத்துப் போட நாள் குறித்துவிட்டால் போதும்.

மிக்தாலியா மெல்ல நடந்து நெரெய்தாவின் கட்டில் தலைமாட்டுக்கு வந்தாள். சுவருக்கு இரண்டடி முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"இங்கதாங்க குளுகுளுன்னு இருக்கு. ஃபெர்மின், இங்க வா, தொட்டில் இந்த இடத்துலதான். வெயில் படாது. கொடி நிழல்ல தூங்கட்டும்."

எவெலியோ பேச்சை நிறுத்திவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொல்ல மாட்டான், சொல்கிற தைரியம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நெரெய்தாவும் சொல்லக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம். ஒரு தாழ்ப்பாள். ஒரே ஒரு தாழ்ப்பாளைத்தானே கேட்டாள்.

மிக்தாலியா குனிந்து, தொட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சாணால் அளந்தாள்.

"கையைக் குடும்மா" என்றாள் நெரெய்தா.

அந்தப் பெண்ணின் உள்ளங்கையைப் பிடித்து, இலைகளை விலக்கி, சுவரில் வைத்து அழுத்தினாள். ஈரச் சுண்ணாம்பு உள்வாங்கியது. அதற்குப் பின்னால் இருந்த செங்கல் கையோடு நகர்ந்தது. மிக்தாலியா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஃபெர்மின் மனைவியின் தோளைப் பிடித்து வாசல் வரை கூட்டிக்கொண்டு போனான். அங்கே நின்று, "சொன்னதுக்கு நன்றி அக்கா" என்றான். அவன் குரலிலும் அழுகை இருந்தது. அவர்களும் திரும்பி இரண்டு அறைக்குத்தானே போகிறார்கள்.

நெரெய்தா கட்டிலில் உட்கார்ந்தாள். எவெலியோ வந்து கேட்கப்போகிற கேள்விக்காகக் காத்திருந்தாள். அவன் பால்கனியில் ஒரு சிகரெட்டைக் கடைசி வரை இழுத்தான். உள்ளே வந்து எதுவும் கேட்காமல் கருவிப் பெட்டியைத் திறந்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு தடுப்பின் அருகில் போய் முதல் திருகாணியைக் கழற்றினான்.

"என்ன பண்ற?"

"முட்டுக் குடுக்கணும். உத்தரத்துக்கு."

"அதுக்கு?"

"இந்த ஊர்ல வேற எங்க இருக்கு மரம்?" என்றான். "தடுப்புல தூண் நாலு இருக்கு. பலகையை மேல கிடத்தி, தூணை நிறுத்தி ஆப்பு அடிச்சா தாங்கும். நாளைக்குச் செய்யலாம்னு பார்த்தேன். ஆனா உன் தலை அதுக்குக் கீழதானே படுக்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. தையல் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டுபோனவன் படியில் இறங்கும்போது சக்கரம் தானாகச் சுழன்றது. இவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. கெட்டவனாகவே இருந்திருந்தால் வெறுத்தாவது நாளை ஓட்டலாம்.

"பலகையை நான் பிடிக்கறேன், நீ கழட்டு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் தடுப்பு முழுவதும் சுவரோரம் போய் நின்று உத்தரத்தைத் தாங்கியது. தூண்களுக்கு நடுவே கட்டில் போட இடமில்லை. அவளுடைய கட்டிலை இருவருமாகத் தூக்கி, பால்கனிப் பக்கம், அவன் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள். நடுவில் வைக்க வேறு எதுவும் இல்லாததால் மலங்கா டின்னை வைத்தாள். அங்கே அதற்கு வெளிச்சம் இருந்தது, ஈரம் இல்லை; ஒரு மாதத்தில் பிழைத்துக்கொள்ளும்.

எவெலியோ தன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

"குறட்டை விட்டா எழுப்பு" என்றான்.

"ம்" என்றாள் நெரெய்தா. உடை மாற்ற வேண்டியிருந்தது. விளக்கின் ஸ்விட்ச் அவன் தலைமாட்டில். விளக்கை அணைக்கும்படி அவனிடம் கேட்க வேண்டும் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.