வாசல் வரைக்கும் பாட்டு

"சீக்கிரம் முடிங்க முன்ஸிப் நானா, பத்து மணிக்கு நான் ஆஸ்பத்திரியில நிக்கணும்" என்று யசோதினி மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

முன்ஸிப் தலையைத் தூக்கவே இல்லை. பதுளை பஸாரில் கார் ரேடியோ திருத்தும் கடை அவருடையது. காரிலிருந்து கழற்றிய கேசட் செட் அவர் மடியில் வயிறு பிளந்து கிடந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் போர்டை அதற்குள் வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்பட்டா கரகரன்னுதான் பாடும் தங்கச்சி. வீரசிங்கம் அண்ணனோட செட்டு இது. நாளைக்கு வந்து என்னையத்தான் பிடிப்பாரு."

நாளைக்கு என்றதும் அவள் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே தூறலில் நின்ற வெள்ளைக் காரை அப்பா வீரசிங்கம் முப்பது வருஷமாக ஹயருக்கு ஆள் ஏற்றி ஓட்டியிருக்கிறார். கேசட் எல்லாம் நாடா சிக்கி நாசமாகிப் பல வருஷம். ஆனாலும் செட்டை மாற்ற மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. அதனால்தான் பழைய முகம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் இந்த வேலை.

"நாடா உருவுன கேசட் ஒண்ணு வச்சிருக்கேன். இதை உள்ள தள்ளுனா ஒங்க போன்ல ஓடுற பாட்டு ஸ்பீக்கர்ல வரும். வெளிய எடுத்தா சத்தம் நின்னுரும்" என்றார் முன்ஸிப். "கோல் வந்தா ஒண்ணும் அமுக்க வேணாம். ரெண்டு தடவ அடிச்சதும் தானா எடுத்துக்கும்."

அவள் பாதியைத்தான் காதில் வாங்கினாள். கண் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"அப்பாவுக்கு எப்படி?"

"இன்னைக்குத் துண்டு வெட்டி அனுப்புறாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப சொகமாயிருச்சுன்னு சொல்லுங்க!"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நேற்றிலிருந்து எத்தனை பேருக்கு இப்படித் தலையாட்டியாயிற்று!

நேற்று பின்னேரம் டொக்டர் அவளை வாட்டுக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இருதயம் களைத்துவிட்டது, இனி மருந்தில்லை. ஒரு நாளோ ரெண்டு நாளோ, வீட்டில் வைத்துப் பாருங்கள். அவள் லுணுகலைத் தோட்டத்திலிருந்த தம்பி அஜந்தனுக்கு மட்டும் சொன்னாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீடு போய்ச் சேரும்வரை தெரியக் கூடாது, சொல்லிவிட்டால் நடுவழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று இருவரும் பேசிவைத்தார்கள். பேசுவது சுலபம். ஒன்றரை மணி நேரம் அப்பாவோடு ஒரே காரில் போகப் போகிறவள் அவள்தானே? கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் வராது, உளறிவிடுவாள். பாட்டு ஓடினால் அப்பா பேச மாட்டார், கேள்வியும் கேட்க மாட்டார். அதற்குத்தான் காலங்காத்தாலே இந்த ஓட்டம்.

வாட்டில் அம்மா நல்லம்மா மூட்டை கட்டித் தயாராக இருந்தாள். நர்ஸ் மிஸ்ஸிகள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே கோழி அடிச்சு ரசம் வைக்கிறேன். ஆஸ்பத்திரிச் சோத்தைத் தின்னு மனுசன் பாதியாயிட்டாரு."

யசோதினி கேசட்டை உள்ளே தள்ளினாள். நான்கு ஸ்பீக்கரிலும் பழைய பாட்டு துல்லியமாக எழுந்தது.

"அடியாத்தி! இது எப்படி பாடுது?" என்றாள் நல்லம்மா.

வீரசிங்கம் கண்ணைத் திறந்து செட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் மகளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பசறை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மூச்சு விடும்போது அப்பாவின் நெஞ்சில் ஒரு இழுப்பு இருந்தது. பாட்டுக்கு நடுவில் அந்த இழுப்பைத் தேடித் தேடிக் கேட்டபடி ஓட்டினாள். கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். ஒரு ஏற்றத்தில் கார் உதறியபோது அவர் முனகினார்.

"மொதல் கியர் போடு புள்ள. நோயாளி இருந்தா ஏத்தத்துல மொதல் கியர்தான்."

"சரிப்பா."

கியரை மாற்றும்போதுதான் முன்ஸிப் சொன்னதன் மீதிப் பாதி அவளுக்கு உறைத்தது. கோல் வந்தால் தானாக எடுத்துக்கொள்ளும்! கோல் பண்ண வேண்டாம் என்று அஜந்தனிடம் சொல்லவே இல்லையே. பாழாய்ப்போன போன் கைப்பையில், கைப்பை அம்மாவின் காலடியில். ஒரு பக்கம் பள்ளம், எதிரே வளைவில் பஸ். காரை ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு அறுந்தது. ஒருமுறை அடித்தது. அவள் கேசட்டை வெளியே தள்ளும் பட்டனைக் குத்தினாள். அது அசையவில்லை. இரண்டாம் முறை அடித்தது.

"அக்கா!" அஜந்தனின் குரல் கார் முழுக்க நிறைந்தது. "எங்க வாறீங்க? உசுரு இருக்கா? பந்தல் சாமான் வந்து எறங்கிருச்சு. பெட்டிக்கு அளவு கேக்குறாங்க, அஞ்சு ஒம்பதுன்னு சொல்லவா? அக்கா, கேக்குதா?"

அவள் பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்தினாள்.

"அஞ்சு ஏழு" என்றார் வீரசிங்கம்.

அவர் செட்டின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அஞ்சு ஏழுடா தம்பி. அதுக்கு மேல போனா நம்ம லயத்து வீட்டு வாசல்ல திரும்பாது."

"அப்பா..." என்றான் அஜந்தன். ஆம்பளை விம்முவது நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. கோல் கட்டாயிற்று. வெட்கமே இல்லாமல் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

யசோதினி ஒரு தேயிலை மலையின் ஓரமாகக் காரை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னாடி சொல்றான் அவன்?" என்றாள் நல்லம்மா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "எல்லாருக்கும் தெரியும். கோழி அடிக்கப் போறேன்னு பினாத்திக்கிட்டு வாறேன், ஒரு வார்த்த சொல்லத் தோணலயாடி ஒனக்கு?"

"அவளை ஏசாத" என்றார் வீரசிங்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "பாட்டு போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"எப்படிப்பா?"

"ஆஸ்பத்திரியில கைவிட்டு வீட்டுக்கு அனுப்புறவங்களை ஏத்துனா நானும் அதைத்தான் செய்வேன். பொம்பளைங்க பின்னால அழுவாங்க. அது அந்த ஆளுக்குக் கேக்கக் கூடாதுன்னு பாட்டைப் போட்டுருவேன். வழியில உசுரு போனாலும் நிப்பாட்ட மாட்டேன். லயத்து வாசல் வரைக்கும் பாடும். வீட்டுக்கு வந்துதான் போனாருன்னு இருக்கட்டும்."

முப்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் இதை வீட்டில் சொன்னதில்லை. அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்றிருந்தது.

"அழுதது போதும், வண்டியை எடு. அந்தப் பட்டனை மேல தூக்கிட்டு அமுக்கு. ஒங்கம்மா பேசட்டும்."

அவள் தூக்கி அமுக்கினாள். கேசட் வெளியே வந்தது. கார் அமைதியாயிற்று.

நல்லம்மா பேசினாள். அவர்மேல் கோபம்தான் முதலில். தெரிஞ்சும் கல்லு மாதிரி படுத்துக் கிடந்தீங்களே, நீங்க மனுசனா என்றாள். கலியாணமான புதிதில் லொறியில் பதுளைக்குக் கூட்டிப்போய், சினிமா பார்க்காமலே திரும்பக் கூட்டிவந்ததை இன்னும் மறக்கவில்லை என்றாள். அவர் சிரித்தார், சிரித்து இருமினார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடாமல் விட்டது, பூனைக்குட்டி, அஜந்தனுக்குப் பெண் பார்த்தது என்று ஒன்றுமில்லாத கதைகளெல்லாம் வந்தன. அவர் "ம்" கொட்டினார். லுணுகலை வரைக்கும் அந்த "ம்" கேட்டது. பஸ் நிலையத்தைத் தாண்டி, தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியபோதும் கேட்டது. யசோதினிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் இரண்டே மைல். சேர்ந்துவிடலாம்.

"மழைக்கு முந்தி கூரைத் தகரத்தை மாத்தணும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள் நல்லம்மா.

கார் ஒரு வளைவு திரும்பியது. இன்னொரு வளைவு திரும்பியது.

"இங்க பாருங்க. ஞாபகம் இருக்கா?"

தகரத்தைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. சேலை முந்தானை சரசரத்தது. வளையல் ஒருமுறை ஒலித்தது. யசோதினி கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று ரோட்டையே வெறித்தாள்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் நல்லம்மா சொன்னாள்.

"யசோ. பாட்டைப் போடும்மா."

அவள் கேசட்டை உள்ளே தள்ளினாள். போன் இவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் பாடிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து குரல் எழுந்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கை அசைத்தாள். மேலே லயத்து வாசலில் அஜந்தன், பந்தல் கம்புகளை அவசர அவசரமாகச் சுவருக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தம் கேட்டதும் நின்றான். முகம் தெளிந்தது. இரண்டு கையையும் உயர்த்தி, வாங்க வாங்க என்று காட்டினான்.

கடைசி ஏற்றம் வந்தது. யசோதினி முதல் கியருக்கு மாற்றினாள்.