ராக்ன்ஃப்ரிட்டின் ஒரே வழி

மனித அனுபவத்தின் சாரத்தைத் தொட உலகத்தில் ஒரே வழிதான் உண்டு. அதன் பெயர் நிகழ்வியல் என்னும் ஆய்வு முறை. இந்தப் பேருண்மை ராக்ன்ஃப்ரிட்டுக்குத் தெரிந்து பதினோரு நாள் ஆகிறது. அதற்கு முந்தின வாரம் வரை வேறொன்று ஒரே வழியாக இருந்தது.

பெர்கன் நகரில் பதினாலு வருஷம் சிறுநீரகப் பிரிவில் நர்ஸாக இருந்தவள், இப்போது முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தாள். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் படும் பாடுதான் ஆய்வு. வியாழக்கிழமை பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவின் முன் ஒரு சோதனைப் பேட்டியை வைக்க வேண்டும். தேறாவிட்டால் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போகும்.

"நோயாளிகிட்ட என்னதான் கேக்கப் போற?" என்றான் பக்கத்து மேசை ஹால்வோர்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல தத்துவம்."

"சரிதான். அடுப்பே மூட்டல, அதுக்குள்ள ஏப்பம்."

"உனக்கென்ன, தலையை எண்ணிக் கணக்குப் போடற ஆளு. எங்க முறையில நம்ம கருத்தையெல்லாம் மூட்டை கட்டி வாசல்லயே வச்சிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு நோயாளி பேச்சைக் கேக்கணும்."

"வாயைப் பொத்திக்கிட்டா? நீயா? அம்மா தாயே!"

பேட்டிக்குக் கிடைத்தவர், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிற கிழவர் ஆர்ன்லியோட். படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் அவள் பதிவுக் கருவியை அமுக்கியதும் வாஃபிள் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடும்மா, சூடா இருக்கு."

"முதல்ல என் முறையைச் சொல்லிடறேன். அப்பத்தான் உங்க அனுபவம் உங்களுக்கே புரியும்."

சொன்னாள். ஜெர்மன் தத்துவஞானி ஒருவரில் தொடங்கி, அவரோடு அவருடைய சீடர் பிணங்கிய இடத்துக்கு வந்தபோது தட்டில் பாதி காலி.

"இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்றார். அவள் மெல்லுகிற இடைவெளியில், "எனக்குத் தாகந்தான் பெரிய…" என்று ஆரம்பித்தார்.

"அதுக்குத்தான் வர்றேன்," என்றாள். கடைசிவரை வரவில்லை.

வாசலில், பதிவு இன்னும் ஓட, "மிச்ச வாஃபிளைக் கட்டித் தரட்டுமா?" என்றார் கிழவர். டிராமில் அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்: 'அபாரமான ஆழம்.'

வியாழக்கிழமை குழுத்தலைவி குன்வோர் பேட்டிப் பதிவை எழுதியெடுத்த தாள்களைக் கையில் எடை பார்த்தாள். "இருபத்தாறு பக்கம்! பலே. சரி, அவர் பேசினதை மட்டும் வாசி, கேப்போம்."

ராக்ன்ஃப்ரிட் புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

மொத்தம் நாலு வரி இருந்தது. மூன்று வாஃபிளைப் பற்றியவை.