கல்லின் முதுகில் ஒரு பெயர்

மியூசியத்துக்குப் போகவேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! டாக்டர் கைவிட்ட என் மனுசன், வில்லரேயில் எங்கள் வீட்டில் போர்த்துக்கொண்டு படுக்காமல், மகள் றொஷினிக்குப் பள்ளிக்கூடத்தில் டிக்கெட் கொடுத்தார்கள் என்று மெட்ரோ ஏறிவிட்டார். நானும் பின்னால் ஏறினேன்.

எல்லாம் மூக்குடைந்த எகிப்து ராசாக்கள். ஒரு கறுப்புக் கற்சிலைக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். பிரெஞ்சில் எழுதியிருந்ததை றொஷினி வாசித்துச் சொன்னாள்.

"அப்பா, இந்த முகம் ஒரு ராசாவின்ர. பேந்து வந்த ராசா, முதுகில இருந்த பேரைக் கொத்திப்போட்டுத் தன்ர பேரை வெட்டியிருக்கிறார். ஆற்ற பேர் கல்லில இருக்கோ, அவர்தான் செத்தாப்பிறகும் இருப்பாராம்."

"அப்ப முகத்துக்காரன்?"

"அவர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்."

என் மனுசனின் உண்மைப் பெயர் அருமைராசா. கனடாவில் அவர் அல்பேட். அல்பேட் அவருடைய அண்ணன். தொண்ணூறில் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தது அண்ணனுக்குத்தான். புறப்படமுன் எங்கள் ஊர் பேசாலைக் கடலில் படகு கவிழ்ந்து அவர் போய்விட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. முகச்சாயல் ஒன்றாக இருந்ததால் தம்பி அந்தப் பாஸ்போர்ட்டில் விமானம் ஏறினார். கடலில் செத்தது அருமைராசா என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. றொஷினிக்கும் இது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்தினேன்.

"கல்லறையில உங்கட சொந்தப் பேரைத்தான் வெட்டுவிப்பன். செத்தாப்பிறகு ஆர் உங்களை நாடுகடத்திறது?"

"வேண்டாம் அக்னெஸ். அண்ணையின்ர பேரையே போடு."

"உங்களுக்கென்ன விசரோ?"

"எனக்கு ஊரில பூசையும் வைச்சு ஒப்பாரியும் வைச்சாச்சு. அண்ணைக்கு என்ன இருக்கு? கல்லுமில்லை, ஒரு பூசையுமில்லை. அவற்ர பேரில நான் இவ்வளவு காலம் சீவிச்சனான். இதாவது அவருக்கு இருக்கட்டும்."

கோபத்தில் அழுகை வந்துவிட்டது. "அப்ப நான் ஆற்ற கல்லறையில மெழுகுதிரி கொளுத்திறது?" என்று கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

2007 மாசியில் போனார். நிலம் உறைந்திருந்ததால், பனி கரையும்வரை புதைக்காமல் பெட்டியைச் சேமக்காலை மண்டபத்தில் வைத்தார்கள். அதற்குள் கல்லும் தயாராகிவிட்டது. பதிப்பதற்குப் படம் கேட்டார்கள், அவருடைய படத்தைக் கொடுத்தேன். பெயர் கேட்டார்கள், அல்பேட் என்றேன். சொன்ன வாயைக் கழுவவேண்டும்போல இருந்தது.

பெட்டியை இறக்கும்போது சுவாமியார், "அல்பேட்டின் ஆன்மா சமாதானத்தில் இளைப்பாறுவதாக" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். கடலோடு போன அண்ணனை ஒருவழியாக அடக்கம் செய்துவிட்டோம். என் மனுசனைத்தான் இன்னும் ஒருவரும் அடக்கம் செய்யவில்லை.